அம்மாவின் மூச்சும் ஊரின் புகையும்

29 மார்ச் 2020, ஞாயிறு

கொரோனா ஊரடங்கில் பெங்களூரு சிவாஜிநகர் பஸ் நிலையம் வெறிச்சோடிக் கிடக்கிறது. செயிண்ட் மேரி பசிலிக்காவில் பூசை இல்லை. ஜன்னல் கம்பியில் மதியத்துக்குள் படிந்துவிடும் கரித்தூசியைக் காணோம். ஆஸ்துமாவால் தலையணையில் சாய்ந்தபடியே இரவைக் கழிக்கும் அம்மா நேற்று நீட்டிப் படுத்துத் தூங்கினாள்.

6 ஏப்ரல், திங்கள்

பிரதமர் கேட்டபடி நேற்றிரவு 9 மணிக்குச் சில நிமிடம் விளக்கணைத்தோம். அந்தச் சில நிமிடங்களில் நாட்டின் மின்தேவை 117 ஜிகாவாட்டிலிருந்து 85க்கு இறங்கியதாம். அதைவிடப் பெரிய விஷயம், ஆலைகள் மூடியதால் அனல்மின் நிலையங்களில் நாள்தோறும் எரியும் நிலக்கரியே குறைந்திருப்பது. ஜலந்தரிலிருந்து தௌலாதார் பனிமலை தெரிகிறது என்று படங்கள் வருகின்றன.

25 ஏப்ரல், சனி

நோன்பு தொடங்கிவிட்டது. ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் கபாப் கடைகள் இல்லாத ரம்ஜானை நான் பார்த்ததில்லை. பழைய கார் பிரிக்கும் குஜிரிக் கடைகளும் பூட்டியிருக்கின்றன. கீழ்வீட்டு ஆட்டோக்கார அண்ணனின் மகள் அரிசி கேட்டு வந்தாள். அளந்து கொடுத்துவிட்டு அம்மா சொன்னாள்: "எனக்கு மூச்சு வந்துச்சு, அவனுக்குச் சோறு போச்சு."

அதற்குப் பிறகு, காற்று சுத்தமாகிவிட்டது என்று வாய் திறந்து மகிழ முடியவில்லை. ஆஸ்பத்திரிகளில் கூட்டம் இல்லாததால் நோய் குறைந்துவிட்டது என்றும் நம்ப மாட்டேன். தொற்று பயத்தில் போகாதவர்கள் எத்தனை பேரோ. ஆனாலும் புகையின் கணக்கு பொய்யில்லை. 2017இல் இந்தியாவில் சுமார் 12.4 லட்சம் மரணங்களுக்குக் காற்று மாசு காரணம் என்று லான்செட் பிளானட்டரி ஹெல்த் ஆய்விதழில் வந்தது. டீசல் புகையின் நுண்துகள் நுரையீரலோடு நிற்பதில்லை; ரத்தத்தில் கலந்து இதயத்தையும் தாக்குகிறது.

20 மே, புதன்

நேற்று முதல் பி.எம்.டி.சி. மாநகர பஸ்கள் மறுபடி ஓடுகின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் அன்றாட கார்பன் வெளியேற்றம், 2019 சராசரியைவிட 17% குறைந்திருந்ததாக ஓர் ஆய்வு வந்திருக்கிறது. உலகமே முடங்கியும் இவ்வளவுதானா! மக்களை வீட்டில் அடைத்துப் போட்டு வெளியேற்றத்தைத் தேவையான அளவு குறைத்துவிட முடியாது. அண்ணனைப் போன்றவர்கள் மின்சார ஆட்டோ வாங்கக் குறைந்த வட்டிக்குக் கடன் வேண்டும். இங்கே தோண்டிக்கொண்டிருக்கும் சுரங்க மெட்ரோ சீக்கிரம் ஓட வேண்டும்.

5 ஜூன், வெள்ளி

அம்மாவுக்கு ராத்திரி மறுபடி இரைப்பு.

ஹவாயின் மௌனா லோவாவில் மே மாதக் கார்பன் டை ஆக்சைடு சராசரி 417.1 பி.பி.எம்.; அங்கே அளக்கத் தொடங்கியதிலிருந்து இதுவே உச்சம். கரிப்புகை ஒரு மழையில் இறங்கிவிடும். இந்த வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். புதிதாக விடுவதைக் கொஞ்சம் குறைத்தாலும் இருப்பு ஏறிக்கொண்டேதான் போகும். இன்ஹேலர் தீர்ந்துவிட்டது. அண்ணன் மருந்துக்கடைக்குப் போக வண்டி எடுக்கிறார்.