சன்னிவேலில் இருபத்தைந்து நாட்கள்

வெளியூர் சென்று திரும்புவோரை நம் நாகபுரிச் சங்க அன்பர்கள் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். ஒன்று, ஊர் எப்படி? மற்றொன்று, அங்கே பையனுக்குச் சம்பளம் எவ்வளவு? 2025 ஏப்ரலில் என் அன்னையாரை அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சன்னிவேலுக்குச் சென்று வந்த எனக்கும் இவ்விரண்டு கேள்விகளும் வந்தன. முதற் கேள்விக்கு விடை எழுதுகிறேன். இரண்டாவதற்குப் பதிலாக வேறொன்று சொல்ல இருக்கிறது.

எங்கள் தந்தையார் தஞ்சை ஜில்லாவிலிருந்து ரயில்வே உத்தியோகத்திற்காக நாகபுரி வந்தவர். அவர் பணியிலிருக்கும்போதே காலமானார். பத்தாம் வகுப்புத் தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அச்சம்பளத்தில் தம்பி பொறியியல் படித்தான். இன்று சன்னிவேலில் மனைவியோடும் ஆறு வயதுப் பெண்ணோடும் இருக்கிறான். கணினிக்கு நிரல் எழுதுவது அவன் தொழில்.

சன்னிவேல் அமைதியான ஊர். வீதிகள் அகலம், நடப்பவர்கள் சிலரே. ஒரு காலத்தில் அப்பள்ளத்தாக்கு முழுவதும் பழத்தோட்டங்களாக இருந்ததாம். பக்கத்து ஊரான மவுண்டன் வியூவில் 1956-ல் ஷாக்லி என்னும் விஞ்ஞானி சிலிக்கான் கருவிகள் செய்யும் கூடம் தொடங்கினார். பின்னர் தோட்டங்கள் குறைந்து தொழிற்கூடங்கள் பெருகின. பழமையின் அடையாளமாக ஓர் ஏப்ரிகாட் தோட்டத்தை மட்டும் நகரத்தார் காத்து வருகிறார்கள். ஆரஞ்சுத் தோட்டங்களைப் பார்த்துப் பழகிய அம்மாவுக்கு அவ்வூரில் மிகவும் பிடித்த இடம் அதுவே.

தம்பி தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு அலுவலகம் புறப்படுவான். மூன்றாம் வாரத்தில் ஒரு புதன்கிழமை, "நானும் வந்து உன் அலுவலகத்தைப் பார்க்கிறேன்" என்றேன். சற்றுத் தயங்கி, "வாருங்கள் அண்ணா" என்றான்.

கால்ட்ரெயின் என்னும் ரயிலில் ஏறினோம். அவ்வழி 2024 செப்டம்பரில்தான் முழுமையாக மின்மயமாயிற்று. அதுவரை டீசல் எஞ்சின்களே. இப்போது ஓடுபவை இரண்டு அடுக்குப் பெட்டிகள் கொண்ட மின்வண்டிகள். தலைக்கு மேல் செல்லும் கம்பியில் 25,000 வோல்ட். நம் நாட்டு வழித்தடங்களிலும் அதே அளவுதான். அயல்நாட்டில் உறவினரைக் கண்டாற்போல அக்கம்பியைப் பார்த்துக்கொண்டே சென்றேன்.

"உன் வேலைதான் என்ன? எனக்குப் புரியும்படி சொல்" என்றேன்.

"முன்பதிவுப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பயணத்தை ரத்துச் செய்தால், ஆர்.ஏ.சி.யில் இருப்பவருக்குப் படுக்கை கிடைக்கிறது. காத்திருப்போரில் முதல்வர் ஆர்.ஏ.சி.க்கு ஏறுகிறார். 'இப்படி நேர்ந்தால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்' என்று விதிகளை வரிசையாக எழுதுவதே என் வேலை" என்றான்.

1985-ல் புதுதில்லியில் கணினி முன்பதிவு தொடங்குமுன் அவ்விதிகளெல்லாம் குமாஸ்தாவின் தலையிலும் பேரேட்டிலும் இருந்தவை. ஆகவே எளிதில் விளங்கிற்று. நிரலில் பிழை நேர்ந்தால் நள்ளிரவிலும் கைப்பேசி அழைக்கும். எழுந்து திருத்த வேண்டும் என்றான். முற்காலத்தில் டிரைவர் வீட்டுக் கதவை இரவில் தட்டிய நம் 'கால் பாய்' நினைவுக்கு வந்தான்.

மவுண்டன் வியூவில் இறங்கி அவன் அழைத்துச் சென்ற இடம் அலுவலகமன்று. கணினி வரலாற்றுக் காட்சிசாலை. ஷோர்லைன் வீதியில் அதன் கதவிலக்கம் 1401. உள்ளே ஐ.பி.எம். 1401 என்னும் பொறி ஓடிக்கொண்டிருந்தது! 1959-ல் அறிமுகமான அதனை, ஓய்வுபெற்ற பொறியாளர்கள் ஊதியமின்றிச் செப்பனிட்டு இயக்குகிறார்கள். துளையிட்ட அட்டைகளை நிமிடத்திற்கு 800 வீதம் படிக்கும். 600 வரிகள் அச்சிடும். 1960-களில் நம் ரயில்வேக்கும் இவ்வினப் பொறிகள் வந்து கணக்குப் போட்டன. ஓர் அட்டையில் தம்பி மகளின் பெயரைத் துளையிட்டு வாங்கிக்கொண்டேன்.

அட்டைக்கட்டு கீழே விழுந்தால் வரிசை கலைந்துவிடுமாம். அதற்காக விளிம்பில் சாய்வாக ஒரு கோடு கிழித்து வைப்பார்களாம். அதைக் கேட்டதும் தம்பி மெல்லச் சொன்னான்: "அண்ணா, என் கட்டு கலைந்துவிட்டது."

நாங்கள் விமானம் ஏறுவதற்குப் பத்து நாள் முன்பே அவனுக்கு வேலை போயிருந்தது. ஆட்குறைப்பு என ஒரு கடிதம் வந்ததோடு சரி. அவன் அங்கே இருப்பது எச்-1பி அனுமதியில். 2017 முதல் உள்ள விதிப்படி, வேலை நீங்கினால் அறுபது நாள் வரைதான் தங்கலாம். அதற்குள் மற்றொரு நிறுவனம் அவனுக்காக மனுச் செய்ய வேண்டும். இல்லையேல் குடும்பத்தோடு புறப்பட வேண்டியதுதான். இருபத்தேழு நாள் கழிந்திருந்தன. அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று, தினமும் பையோடு வந்து நூலகத்தில் அமர்ந்து விண்ணப்பம் எழுதியிருக்கிறான்.

"உங்கள் படிப்பை விட்டு என்னைப் படிக்க வைத்தீர்கள். எந்த முகத்தோடு சொல்வேன்?" என்றான். எனக்குச் சினமும் வந்தது, கண்ணீரும் வந்தது. "சொல்லாமல் இருந்ததுதான் தவறு" என்றேன்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அறுபது நாள் என்பது அவர்கள் கணக்கு. நம் வீட்டில் அப்படிக் கணக்கு உண்டா? கிடைத்தால் இரு, இல்லாவிட்டால் வா. முன்னறையை ஒழித்துத் தருகிறேன்" என்றார். மறுநாள் தம்பி பையை எடுக்காமல் வீட்டு மேசையிலேயே அமர்ந்து விண்ணப்பம் எழுதினான்.

நாங்கள் திரும்பிய பத்தொன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. குறைந்த சம்பளத்தில் வேறொரு நிறுவனம் அவனை எடுத்து மனுவும் செய்துவிட்டது. அறுபதில் ஐம்பத்து நான்காம் நாள் அது.

நம் தந்தையரும் பிழைப்புத் தேடி ஊர் விட்டவர்களே. ஆனால் நாகபுரியில் குடியிருக்க அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. வேலை போனாலும் ஊர் போகாது. கடல் கடந்த பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே கடிதத்தில் போகின்றன. ஆதலால் அன்பர்களே, சம்பளம் எவ்வளவு என்று கேட்குமுன், நலமா என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.

முன்னறையை அம்மா இன்னும் ஒழித்தே வைத்திருக்கிறார்.