பெயர் தப்பிய பெண்கள்

'மலையாளி' என்று ஒருவர் தம் இனத்தைச் சொன்னால், சமவெளியில் உள்ளவர்கள் உடனே, "கேரளமா?" என்று கேட்கிறார்கள். கல்வராயன் மலை மக்களுக்கு இக்கேள்வி பழகிப்போன ஒன்று. மலையை ஆள்பவர் மலையாளி. அவர்கள் பேசுவது தமிழே. பெயருக்குப் பின் சேர்த்துக்கொள்ளும் பட்டம் 'கவுண்டன்'.

பெயரில் என்ன இருக்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். வெள்ளிமலையில் மகளைக் கல்லூரிக்கு அனுப்ப நினைக்கும் தந்தையால் அப்படிச் சொல்ல முடியாது. பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்னும் பெயர் சேலம், தென்னார்க்காடு முதலிய சில பழைய மாவட்டங்களின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானாலும், பழைய தென்னார்க்காட்டுக்குள் இருந்ததால் அந்த உரிமை இவர்களுக்கு உண்டு. ஈரோட்டு மலைகளில் வாழும் அதே பெயரினரோ, தங்களையும் பட்டியலில் சேர்க்குமாறு நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். ஒரே பெயர், இரண்டு விதி!

இம்மக்கள் மலையேறிய கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. அங்கே வேளாளராய் இருந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர், தங்கள் தெய்வமாகிய கரிராமனோடு புறப்பட்டு, வழியில் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினராம். தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் இக்கதை பல வடிவங்களில் காணப்படுகிறது. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பதில் மட்டும் கதைக்குக் கதை வேறுபாடு. மூத்தவர் தம் மலைக்கு வந்தார் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை யாருக்குத்தான் இராது!

பட்டத்தால் பேர்பெற்றவர்களும் மூவரே. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஆகிய மூன்று பாளையக்காரர்களின் பெயரால் இம்மலையின் ஜாகிர்கள் வழங்கின. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1976-இல்தான் அவை ஒழிந்தன. அதுவரை உழுத நிலத்துக்கு வரியும் கூலியில்லா உழைப்பும் அந்தப் பெயர்களுக்கே போய்ச் சேர்ந்தன. பட்டம் எல்லாருக்கும் பொது. நிலம் அப்படி அல்ல.

என் மனத்தை விட்டு அகலாதது கதையின் மற்றொரு பகுதி. 1906-இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில் டபிள்யூ. பிரான்சிஸ் அதைக் குறித்திருக்கிறார். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் மலையில் முன்பே வாழ்ந்த வேடர்களைக் கொன்று, அவர்களுடைய பெண்களை மணந்துகொண்டார்கள் என்பது மரபுச் செய்தி. அக்காலத்தில் திருமணத்தின்போது வானத்தை நோக்கித் துப்பாக்கி வெடிப்பார்களாம். அந்த வெடி, மாண்டுபோன வேடக் கணவனைக் குறிக்கும். மணவீட்டு மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு சாவை நினைவுகூரும் வழக்கம்! வரலாற்றில் இப்படி நடந்ததோ இல்லையோ, ஓர் இனம் தன் தோற்றத்தில் குருதி இருந்ததை மறைக்காமல் தலைமுறைதோறும் சொல்லி வந்திருக்கிறது. அரச குலங்கள் பலவற்றிடம்கூட இந்த நேர்மை இல்லை.

கதையின்படி, இந்த இனத்துக்குத் தாயானவர்கள் அந்த வேடப் பெண்களே. அண்ணன்மார் மூவருக்கும் பெயர் உண்டு; ஜாகிர்தார் மூவருக்கும் உண்டு. கணவனை இழந்து, அவனைக் கொன்றவன் வீட்டில் அடுப்பு மூட்டியவளுக்குப் பெயர் இல்லை. இன்றும் சாதிச் சான்றிதழ் பெரும்பாலும் தந்தை வழியே வருகிறது.

டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் தலைமுறை அட்டவணை வாசிக்கப்படும்போது, நம்மில் பலர் அது எப்போது முடியும் என்று காத்திருப்போம். ஆண்களின் பெயர்கள் வரிசையாகச் செல்லும் அந்த அட்டவணையில், மரியாவுக்கு முன்பாக, தாமார், இராகாபு, ரூத்து ஆகிய பெண்கள் இடம் பெறுகிறார்கள். அவர்களுள் இராகாபு கானான் நாட்டவர், ரூத்து மோவாபியர். நான்காமவருக்கு மத்தேயுவும் பெயர் தரவில்லை. உரியாவின் மனைவி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவருடைய கணவனும் கொல்லப்பட்டவன். கொல்லச் செய்த தாவீதே அவரை மணந்தார். அவர் பெயர் பத்சேபா என்பதைச் சாமுவேல் நூல் நமக்குச் சொல்கிறது. கல்வராயன் மலையின் வேடப் பெண்களுக்கு அப்படி ஒரு நூல் இல்லை.