சுவைத்தவர் சொல்லும் சொல்

இரவு உணவைத் தனியே உண்பவர்களுக்குத் தொலைக்காட்சி ஒரு பந்தித் துணை. ரமணாசிரமப் பகுதியில் வாழும் எனக்கும் அப்படித்தான். அதிலும் சமையல் நிகழ்ச்சி ஓடும் வேளையில், நானே வைத்த ரசத்துக்கும் ஒரு சுவை கூடிவிடுகிறது.

விஜய் தொலைக்காட்சியில் 2019 நவம்பரில் தொடங்கிய ‘குக் வித் கோமாளி’யை அறியாத இல்லங்கள் சிலவே. சமைக்கத் தெரிந்த ஒருவர். அவருக்குத் துணையாக, அடுப்பங்கரை அறியாத கோமாளி ஒருவர். மல்லித்தழை கேட்டால் புதினா வந்து சேரும். சிரிப்புப் பொங்கும்; சில வேளைகளில் பாலும் பொங்கி வழியும். ஆனால் அத்தனை ஆரவாரமும் ஒரு நொடியில் அடங்கிவிடுகிறது. நடுவர் ஒரு வாய் எடுத்துச் சுவைக்கும் நொடி அது. முதல் நான்கு சீசன்களில் செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் அந்த இடத்தில் இருந்தார்கள். 2010-இல் 24 மணி நேரத்துக்கும் மேலாக இடைவிடாது சமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தவர் தாமு. அடுப்பின் வெம்மையை அறிந்தவர் பாராட்டும்போது சமைத்தவரின் கண்கள் கலங்குவதில் வியப்பில்லை.

எங்கள் பங்கில் முதிய தாய் ஒருவர் இந்நிகழ்ச்சியைத் தவறவிடுவதில்லை. கணவர் மறைந்து, பிள்ளைகள் வெளியூர்களில் குடியேறியபின், அவர் தமக்கென்று ஒரு குழம்பு வைப்பதே அரிது. “சமைப்பதையே விட்டுவிட்டீர்கள், சமையலைப் பார்த்து என்னம்மா செய்யப்போகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“சாமி, சாப்பிட்டுப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்றாங்களே, அதைக் கேக்கத்தான். நாப்பது வருசம் ஆக்கிப் போட்டேன். உப்புக் கொறைஞ்ச அன்னிக்கு மட்டுந்தான் எங்க வீட்டுல பேச்சு வரும்” என்றார்.

இந்த ஏக்கம் இன்று பிறந்ததன்று. கானாவூர்த் திருமணத்தில் பந்தி மேற்பார்வையாளர் திராட்சை இரசத்தைச் சுவைத்து, மணமகனைப் பாராட்டுகிறார். அது எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது. ஆறு கற்சாடிகளிலும் நீர் நிரப்பிய பணியாளருக்கே தெரியும் என்கிறார் யோவான். நல்ல பந்திகள் பலவற்றில் இன்றும் இதுவே நிகழ்கிறது. புகழ் முற்றத்தில் நிற்பவருக்குச் செல்கிறது. உழைத்தவர் அடுக்களையில் நிற்கிறார்.

அந்த அடுக்களைக்குள் நுழைந்தவர் ஒருவர் எங்கள் ஊரில் வாழ்ந்தார். ரமண மகரிஷி பல ஆண்டுகள் விடியுமுன்பே ஆசிரமச் சமையலறைக்குச் சென்று காய் நறுக்கினார், அரைத்தார், அடுப்படியில் நின்றார். அவரோடு உழைத்தவர்களுள் கணவரை இழந்த பெண்கள் பலர். அதற்கும் முன்னர், மலைமேல் வாழ்ந்த காலத்தில், அன்னை அழகம்மாள் அப்பளம் இட உதவி கேட்டபோது ‘அப்பளப் பாட்டு’ இயற்றினார். உளுந்தை அரைப்பதும் பிரண்டைச் சாறு சேர்ப்பதும் பொரிப்பதும் அதில் ஆன்ம விசாரணையின் படிகளாகின்றன. தாயின் அன்றாட வேலையை அற்பமெனக் கருதியவர் அப்படியொரு பாட்டை எழுதியிருக்க இயலாது.

எல்லாரும் அடுப்படியில் நிற்கவோ பாட்டு இயற்றவோ வேண்டியதில்லை. ஒரு சொல் போதும். அதற்குச் சமையற்கலை தெரிந்திருக்க வேண்டுமென்பதும் இல்லை. தட்டிலிருந்து முகத்தை நிமிர்த்தினால் போதும். ஆனால் இந்நிகழ்ச்சியைப் பார்த்தபடியே உண்ணும் வீடுகளில் நிகழ்வது என்ன? திரையில் தெரியும் பிரியாணியை வாயார வியக்கிறோம்; கையில் இருக்கும் கூட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. நம்மால் சுவைக்க முடியாததற்குப் புகழுரை, சுவைத்ததற்கு மௌனம்!

நடுவருக்குப் பாராட்டுவது தொழில். உண்டவருக்கு அது கடன். நாற்பது ஆண்டுகள் நிலுவையில் வைக்கக்கூடிய கடன் அன்று. “நன்றாக இருக்கிறது” என்னும் சொல்லைச் சோறு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.