துண்டுக்கு அடியில்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். அங்கே விலையை வாய்விட்டுச் சொல்லாமல் பேசும் வழக்கம் ஒன்றுண்டு. இருவர் கைகளின்மேல் ஒரு துண்டு விழும். அதற்கடியில் ஒருவர் மற்றவரின் விரல்களைப் பற்றுவார். பற்றிய விரல்களே விலையைச் சொல்லும். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவது துண்டின் அசைவு மட்டும்தான்.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, கட்டணத்துக்காக அப்பா ஒரு ஜோடிக் காங்கேயம் காளைகளை அங்கே ஓட்டிச் சென்றார். நானும் உடன் போயிருந்தேன். முதல் தரகர் கேட்ட விலைக்கு அப்பா இசையவில்லை. ஆனால், எதுவரை இறங்குவார் என்பதை அவருடைய விரல்கள் சொல்லிவிட்டன. அடுத்து வந்த மூவரும் அதற்குமேல் ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை. குறைந்த தொகைக்காக அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "துண்டு ஊரானுக்குத்தான் மறைக்கும் கண்ணு. கையைப் புடிச்சவனுக்கு மறைக்குமா?"

தொடர்பே இல்லாத ஓரிடத்தில் அந்தச் சொல் அண்மையில் நினைவுக்கு வந்தது. 2017இல் வெளிநாட்டு நண்பர் ஒருவருக்குச் செய்துகொடுத்த மென்பொருள் வேலைக்குக் கூலியாகச் சிறிது பிட்காயின் கிடைத்தது. மகளின் படிப்புக்கென்று அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன். பிட்காயினின் முழுப் பேரேடு இன்று 600 கிகாபைட்டைத் தாண்டிவிட்டது; கைப்பேசியில் அதற்கு இடமேது? 2008ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே சதோஷி நகமோட்டோ இதற்கு ஒரு குறுக்குவழி சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தொகுதிக்கும் 80 பைட் அளவுள்ள தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, தேவையானதைப் பிறரிடம் கேட்டுப் பெறலாம். இலகு வாலட்டுகள் பிறந்தது இப்படித்தான்.

ஆனால் கேட்பதில்தான் சிக்கல். என் வாலட் யாரோ ஒருவரின் சர்வரிடம் என் முகவரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி இருப்பைக் கேட்கிறது. இணைப்பு மறைகுறியாக்கம் செய்யப்பட்டதுதான். வழியில் நிற்பவர் எதையும் படிக்க முடியாது. ஆயினும் சர்வரை நடத்துபவருக்கு அந்த முகவரிகள் ஒரே ஆளுடையவை என்பதும், கேள்வி எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். பேரேடு உலகுக்கே திறந்து கிடப்பது. அதில் மறைந்திருப்பது 'யாருடையது' என்பது ஒன்றே. அதை நானே ஒப்படைத்துக்கொண்டிருந்தேன்.

2012இல் ப்ளூம் வடிகட்டி என்றொரு முறை வந்தது. நம் முகவரிகளோடு பிறவற்றையும் கலந்து கேட்டுக் குழப்புவது அதன் நோக்கம். அது எவ்வளவு எளிதில் குட்டு வெளிப்படுத்துகிறது என்று 2014இல் ஆய்வாளர்கள் காட்டினர். பின்னர் வந்த முறை கேள்வியையே தலைகீழாக்கியது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சுருக்கத்தை சர்வர் எல்லோருக்கும் ஒன்றுபோலவே தருகிறது. பொருந்துகிறதா என்று கைப்பேசியே பார்த்து, பொருந்தினால் முழுத் தொகுதியையும் வாங்கிக்கொள்கிறது. எந்த மாட்டின்மேல் கண் என்று சொல்லாமல் சந்தை முழுவதையும் விசாரித்துத் திரும்புவது போல. முழுப் பேரேடு வைத்திருக்கும் கணினிகள் தமக்குள் பேசிக்கொண்டதும் நெடுநாள் திறந்த மொழியில்தான். 2023 டிசம்பரில் வந்த பிட்காயின் கோர் 26ஆம் பதிப்பில்தான் அங்கும் துண்டு விழுந்தது.

"நேர்மையானவனுக்கு எதற்கு மறைப்பு?" என்றார் நண்பர். வருமான வரித்துறைக்கு நான் மறைக்கவில்லை. விற்கும் நாளில் 30 விழுக்காடு வரி உண்டென்பது 2022 ஏப்ரலிலிருந்து சட்டம். அரசுக்குச் சட்டப்படி சொல்வது வேறு. முகம் தெரியாத ஒருவர் என் கையிருப்பை எட்டிப் பார்ப்பது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கோ அது அடகுக்குப் போன வளையல்களின் விவகாரம். ஒருவனுடைய தேவையின் அளவு தெரிந்தவர் அவனுக்கு விலை வைக்கிறார்.

இப்போது வீட்டில் ஒரு பழைய கணினியில் பெரிய வட்டு ஒன்றைப் பொருத்தி, முழுப் பேரேட்டையும் இறக்கி வைத்திருக்கிறேன். இறங்கி முடியப் பல நாட்களாயின. கைப்பேசி இனி அதனிடம் மட்டுமே கேட்கும். ஓயாத விசிறிச் சத்தத்தைப் பற்றி மகள் கேட்டபோது, காளைகளை விற்ற கதையைச் சொன்னேன்.