உப்பளத்துக்கு அவசரம் தெரியாது

மரக்காணத்துப் பையன் ஒருத்தன். டைபாய்டில் ஒரு மாதம் படுத்து எழுந்தான். முன்பு 60 கிலோ தூக்கிய கை, இப்போது 30 கிலோவுக்கே நடுங்கியது. "எல்லாம் போச்சு" என்று ஜிம் பக்கமே போகவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லாமல் உப்பளத்துக்குக் கூட்டிப் போனார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிக் கிடந்த பாத்திகள். உடனே உப்பு வாரிவிட முடியுமா? முதலில் சேறு வாரணும், வரப்பு கட்டணும், தரையை மிதித்து இறுக்கணும். அப்புறம் கடல் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி, சுமார் 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு விளையும். அவசரப்பட்டால் சேறுதான் மிச்சம்!

வேலூர் சதீஷ் சிவலிங்கத்தைப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 328 கிலோ தூக்கித் தங்கம். தொடைக் காயத்துக்குப் பிறகு, 2018 கோல்ட் கோஸ்டில் 317 கிலோ. 11 கிலோ குறைவு. ஆனாலும் தங்கம்தான்!

பையன் டாக்டரைக் கேட்டுவிட்டு, வெறும் கம்பியோடு ஆரம்பித்தான். வாரத்துக்கு மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாக. ஒருமுறை வளர்ந்த தசை, மறுமுறை சீக்கிரம் வரும் என்கிறார்கள். இப்போது 40 கிலோ. 60 எழுதியிருந்த பழைய நோட்டை மூடிவிட்டான். கணக்கு புதுப் பக்கத்தில் ஓடுகிறது.