டேங்க் மூடியில் ஒரு சிறு துளை



கல்லாவியிலிருந்து ஊத்தங்கரைக்கோ போச்சம்பள்ளிக்கோ செல்வதானாலும், பர்கூர் சிப்காட்டில் வேலைக்குச் செல்வதானாலும் நம்மவர்களுள் பெரும்பாலோருக்கு இருசக்கர வண்டியே துணை. பிள்ளைகள் மத்ரஸாவுக்கு வந்து சேர்வதும் அதே வண்டியில்தான். அது லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவ்வாறு நிற்பதற்குப் பலரும் எண்ணிப் பாராத ஒரு காரணத்தை இங்கு எழுத விரும்புகிறோம்.

எண்ணெய் டின்னை ஒரே ஒரு துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் தடைபட்டுத் தடைபட்டு ஒழுகும். எதிர் மூலையில் இன்னொரு துளை இட்டால் சீராகக் கொட்டும். வெளியேறும் எண்ணெயின் இடத்தைக் காற்று வந்து நிரப்ப வேண்டும் என்பதே காரணம். நம் இல்லத்தரசிகள் யாரும் சொல்லித் தராமலே இதை அறிவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவர், 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில் வியப்பூட்டும் பல பாத்திரங்களின் அமைப்பை விளக்கியுள்ளனர். நீரையும் காற்றையும் கட்டுப்படுத்தி, பாத்திரம் எப்போது ஊற்ற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவர்கள் அமைத்த விதம் இன்றும் படிக்கத் தக்கது. மிதவை கொண்டு இயங்கும் அடைப்பானையும் அவர்கள் பயன்படுத்தினர். நம் பழைய வண்டிகளின் கார்புரேட்டருக்குள் இருப்பதும் மிதவைதான்.

கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் தன் எடையாலேயே டேங்கிலிருந்து கீழே இறங்குகிறது. அது இறங்க இறங்க, மூடியிலுள்ள நுண்துளை வழியாகக் காற்று உள்ளே புக வேண்டும். துளை அடைபட்டால் டேங்கினுள் வெற்றிடம் மிகுந்து பெட்ரோல் இறங்க மறுக்கும். வண்டி சில கிலோமீட்டர் நன்றாக ஓடி, பின் திணறி, நின்றுவிடும். சற்று நேரம் கழித்து எதுவும் நடவாதது போல மீண்டும் கிளம்பும். மெக்கானிக்கிடம் கொண்டு செல்லும்போது எந்தக் குறையும் தெரியாது.

நம் மாணவர் ஒருவரின் தகப்பனாருக்கு இதுவே நேர்ந்தது. இரவுப் பணிக்குச் செல்பவர். பிளக் மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், பணம்தான் கரைந்தது. ஒரு நாள் மஃரிபுக்குப் பின் நம்மிடம், "ஹஜ்ரத், நின்ன இடத்துல டேங்க் மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது, அப்புறம் வண்டி ஓடுது" என்றார். பாதி விடையை அவரே சொல்லிவிட்டார். மூடியைத் திறந்து பார்த்தோம். அதன் அடியில் பாலிதீன் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

மழைக்காலத்தில் நீர் இறங்காதிருக்கப் பலரும் அவ்வாறு செய்வதுண்டு. இவர் வைத்த காரணம் வேறு. வண்டியை இரவில் கூடத்தில் நிறுத்துவார். பெட்ரோல் நெடியால் பிள்ளைகளுக்குத் தலைவலி என்று வீட்டில் முறையிட்டிருக்கிறார்கள். நெடியை அடைக்கத் தாள் வைத்தார். அது காற்றையும் அடைத்தது. நெடியின் மூலமோ மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்ததுதான். தாளை எடுத்து, ரப்பரை மாற்றிய பின் அவரது வண்டி வழியில் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆயினும் வண்டி இருந்த இடம் நம்மை வருந்தச் செய்தது. மூடி சரியாக இருந்தாலும் டேங்க் சிறிதளவு ஆவியை வெளியிடக்கூடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவும். கூடத்தை ஒட்டிய அடுக்களையில் கேஸ் அடுப்பு, கொசுவத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. இப்போது அவர் வண்டியை வாசலில் சங்கிலியிட்டு நிறுத்துகிறார். திருட்டுக்கு அஞ்சி வண்டியை உள்ளே ஏற்றும் மற்றவர்களும் இதைச் சிந்திக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. வண்டி நின்றவுடன் சாலையோரம் ஒதுக்கி, சாவியை அணைத்து, அருகில் பீடி, சிகரெட் எதுவும் இல்லை என்று பார்த்து, மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும். காற்று உள்ளே இழுக்கும் ஒலி கேட்டு, பின் வண்டி கிளம்பி ஓடினால் துளையில்தான் கோளாறு. ஒலி இல்லையெனில் பெட்ரோல் குழாய், வடிகட்டி, டேங்கில் தேங்கிய நீர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். துளையில் ஊசியை விட்டுக் குத்தக் கூடாது. சில மூடிகளுள் சிறு வால்வு உண்டு, அது கெடும். காற்றடித்தும் சரியாகாவிடில் மூடியை மாற்றுவதே நலம்.

மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் வடிய இன்னொரு துளை இருக்கும். அதையும் இதையும் குழப்பிக்கொள்பவர் பலர். அது அடைபட்டால் நீர் தேங்கி உள்ளே கசியும். இன்று பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. நீர் சேர்ந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து நீரோடு அடியில் தங்கிவிடும். ஆகவே மழைக்கு முன் அந்த வடிகாலையும் பார்ப்பது அவசியம்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் ஆவி வெளியே போகாமல் ஒரு கரிக் குடுவைக்குள் சென்று தங்கும்; எஞ்சின் ஓடும்போது அதை உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோலை வாய் வரை நிரப்பினால் ஆவிக்குப் பதில் பெட்ரோலே குடுவைக்குள் இறங்கிக் கரியைக் கெடுக்கும். (போச்சம்பள்ளிப் பக்கம் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அவற்றின் பேட்டரி வேறொரு பாடம்.)

கோடையில் ஜும்ஆவுக்கு வருவோர் வெயிலில் வண்டியை நிறுத்துவதால் ஒன்று சொல்ல வேண்டும். வெப்பம் 20 டிகிரி ஏறினால் 10 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 200 மில்லி விரிகிறது. பங்கில் நிரப்பும்போது டேங்கின் கழுத்துக்குக் கீழேயே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த 200 மில்லிக்கு இடம் இருக்கட்டும்.