வெளிச்சுவருக்கு வர்ணம்

பம்பலப்பிட்டியில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வீடு வைத்திருப்போர் எல்லோரும் கடலுக்கு வாடகை கட்டுகிறார்கள். மாதாமாதம் கட்டுவதில்லை, ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுகிறார்கள். வெளிச்சுவருக்கு வர்ணம் பூசுவது என்பது அந்த வாடகைதான். இவ்வாண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் கணக்கு 465,000 ரூபாய்.

தொகையைக் கேட்டதும் ரொறன்ரோவிலிருக்கும் மைத்துனர், "அத்தான், வெள்ளையடிக்கப் போறியளோ, வீடு கட்டப் போறியளோ?" என்று தொலைபேசியிலேயே சிரித்தார். அவருடைய சிரிப்பிலும் நியாயமுண்டு. 1958இல் என் மாமனார் இந்த இருமாடி வீட்டைக் கட்டி முடிக்கச் செலவிட்ட பணம், இந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்களவே. அவ்வளவு தூரம் போவானேன்? 2018இல் கடைசியாகப் பூசியபோது 165,000 ரூபாயுடன் காரியம் முடிந்தது.

நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதிப் பழகிய கை, விபரம் கேட்காமல் காசோலையில் ஒப்பமிடாது. மூன்று பேரை அழைத்து மதிப்பீடு கேட்டேன். ஒருவர் 290,000 என்றார். இன்னொருவர் 465,000 என்றார். மூன்றாவது ஒரு நிறுவனம். அழகிய கோப்பில் 640,000 என்று எழுதி, ஏழாண்டு உத்தரவாதமும் தந்தது. உத்தரவாதத்தின் பின்பக்கத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். சுவரில் ஈரம் ஊறினால் பொறுப்பில்லை, வெடிப்பு விழுந்தால் பொறுப்பில்லை, கடலோரக் கட்டடங்களுக்குப் பொருந்தாது என்று வரிசையாக இருந்தது. கடலோரத்தில் இருப்பவனிடம் வந்துதான் இந்த உத்தரவாதத்தை விற்கிறார்கள்!

நடுத்தொகை சொன்னவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்து இருபது ஆண்டுகளாக இத்தொழில் செய்யும் ஒரு தம்பி. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார், சுரண்டிய தூளை நாக்கில் வைத்தும் பார்த்தார். "உப்பு ஐயா" என்றார். "நீங்க பெயின்டுக்குக் காசு குடுக்கிறதா நெனைக்கிறீங்க. பாதிக்கு மேல இந்த உப்ப எடுக்கிறதுக்குத்தான் போகும்."

உடனே நம்பிவிடவில்லை. கடுதாசியில் போட்டுப் பார்த்தேன். எங்கள் வெளிச்சுவரின் பரப்பு ஏறக்குறைய 3,200 சதுர அடி, அதாவது 297 சதுர மீற்றர். நல்ல வெளிப்புறப் பூச்சு ஒரு லீற்றர் ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர மீற்றர் வரை செல்லும். இரண்டு தடவை பூச ஏறக்குறைய 55 லீற்றர் வேண்டும். அவர் கணக்கில் வர்ணத்துக்கு மட்டும் 172,000 ரூபாய். அடிப்பூச்சுக்கும் வெடிப்பு நிரப்பும் பசைக்கும் 58,000. கூலி 150,000. சாரத்துக்கு 40,000. (யாழ்ப்பாணத்து வாசகர்கள் பயப்பட வேண்டாம், இது இடுப்பில் உடுக்கும் சாரமன்று, சுவரோரம் ஏறி நிற்கக் கட்டுவது.) இரும்பு துருப்பிடித்து வெடித்திருக்கும் யன்னல் நிழற்பலகைகளைத் திருத்த 45,000. வர்ணத்தின் பங்கு மொத்தத்தில் நாற்பது வீதத்தையும் எட்டவில்லை. தம்பி சொன்னது சரி.

290,000 சொன்னவர் எதை விட்டுவிட்டார் என்பதும் இக்கணக்கில் தெரிந்தது. சுரண்டுவது, கழுவுவது, அடிப்பூச்சு, துரு அகற்றுவது எல்லாம் அவருடைய கடுதாசியில் இல்லை. பழைய தோலின் மேல் புதுத் தோல் போர்த்துவார். முதல் தென்மேற்குப் பருவக்காற்றுடன் அது அப்பளமாக எழும்பி விழும்.

இந்த உப்பின் சங்கதி சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மரைன் டிரைவும் புகையிரதப் பாதையும் மட்டுமே. அலை உடையும்போது எழும் நுண்திவலைகள் காற்றோடு வந்து சுவரில் படிகின்றன. நீர் உலர்கிறது, உப்பு தங்குகிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து, சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்கும். கொழும்பின் இரவுகளில் அநேகமாக அந்த அளவு தாண்டிவிடும். மறுநாள் வெயிலில் உள்ளே இருந்தபடியே மீண்டும் பளிங்காக இறுகும். இறுகும்போது இடம் தேடி மேலேயிருக்கும் வர்ணத்தைத் தள்ளும். இரவு பகலாக இந்த இழுபறி நடக்கிறது. உப்பு கம்பிவரை சென்றுவிட்டால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கொங்கிறீற்றையே பிளந்துவிடும். ஆகவே வர்ணம் பூசுமுன் சுவரை நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவி, முற்றாக உலரவிட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, பொறுமைதான் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காலத்தைத் தவறவிட்டால் பிறகு மழை வந்துவிடும்.

மாமனார் காலத்தில் இத்தொல்லை இவ்வளவாக இல்லை. அக்காலத்தில் சுண்ணாம்பு. அது மூச்சுவிடும் பூச்சு. ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது. ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முன் ஒரு தடவை அடித்தால் முடிந்தது. ஆனால், அந்த வெண்மைக்கும் ஒரு விலை இருந்தது. அதை நாங்கள் கொடுக்கவில்லை. தென்மேற்குக் கரையில், ஹிக்கடுவைப் பக்கத்தில், கடலடியிலிருந்து பவளப்பாறையை உடைத்துச் சூளையில் சுட்டே பெருமளவு சுண்ணாம்பு எடுத்தார்கள். 1988இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி அதைத் தடை செய்தார்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, பவளப்பாறை அழிக்கப்பட்டிருந்த பெரலிய போன்ற இடங்களில் தண்ணீர் வெகுதூரம் உள்ளே புகுந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அங்கே அலையில் அகப்பட்ட புகையிரதம், அன்று காலை கோட்டையிலிருந்து புறப்பட்டு எங்கள் ஒழுங்கை முனையைக் கடந்து சென்றது.

இப்போதைய வெண்மை வேறு. டைட்டானியம் டையொக்சைட் என்னும் நிறமிதான் இன்று உலகெங்கும் வெள்ளை வர்ணத்துக்கு ஆதாரம். இலங்கை வர்ண உற்பத்தியாளர்கள் அதை இறக்குமதி செய்கிறார்கள். அதைச் சுவருடன் ஒட்டவைக்கும் அக்கிரிலிக் பிசின் பெற்றோலியத்திலிருந்து பிறப்பது, அதற்கும் டொலர்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ஆனது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. 2024இல் டொலர் 300 வரை இறங்கியபோதும் வர்ண வாளியின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அவ்வாண்டு ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. கூலிக்கும் இதே கதை. 2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில் தேடிப் பதிவுசெய்துகொண்டு வெளிநாடு போனார்கள். தம்பியின் பழைய கூட்டாளிகள் இருவர் இப்போது கட்டாரில் பூசுகிறார்கள்.

எனக்கு ஆறாத விடயம் வேறொன்று. அந்த நிறமிக்கு வேண்டிய மூலப்பொருள் நம் மண்ணிலேயே கிடக்கிறது. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணல் இல்மனைட். அதில் பாதியளவு டைட்டானியம் டையொக்சைட். 1957இல் அதற்கெனக் கூட்டுத்தாபனம் அமைத்தோம். அன்று தொடங்கி மணலை மணலாகவே கப்பலேற்றி அனுப்பிவருகிறோம்; நிறமியாக்கும் தொழிற்சாலையை மட்டும் காணோம். 1997 செப்டெம்பரில் அங்கே இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிட்டி' என்ற கப்பலைப் புலிகள் தாக்கியபோது, செய்தி மேசையில் இரவிரவாக இருந்தவர்களில் நானும் ஒருவன். அந்த மணல் எதற்குப் போகிறது என்று அன்றிரவு எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை பேர் மாண்டனர் என்பதே கேள்வியாக இருந்தது.

நிற்க.

வெளிச்சுவர் பற்றி எழுதும்போது 1983ஐத் தாண்டிப் போக முடியாது. ஜூலை 25, திங்கட்கிழமை. முன்னறைக்குத் தீ வைத்தார்கள். அயலவரொருவர் தண்ணீர் ஊற்றியதால் மிகுதி தப்பியது. அவர் சிங்களவர், இன்று உயிருடன் இல்லை. இந்துக் கல்லூரி முகாமிலிருந்து சில வாரங்களுக்குப் பின் திரும்பியபோது, முன் யன்னலிலிருந்து கூரைவரை கரும்புகை நாக்குப்போல் படிந்திருந்தது. சேதமடைந்த சொத்துகளை அவசரகால விதிகளின் கீழ் அரசு தன் பொறுப்பில் எடுத்திருந்தமையால், சொந்த வீட்டைத் திருத்துவதற்கே அரசிடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து மாமனார் ஆள்பிடித்து நான்கு தடவை சுண்ணாம்பு அடிப்பித்தார். ஒவ்வொரு தடவையும் சில நாட்களில் பழுப்பு மீண்டும் வெளியே வந்தது. புகைக்கறையில் உள்ள தாரும் எண்ணெயும் நீர்ப்பூச்சினூடாக மேலேறிவிடும். முதலில் எண்ணெய்ப் பூச்சினால் அதை அடைக்க வேண்டும் என்று ஒரு வயோதிப மேசன் வந்துதான் சொன்னார். அதற்குள் அந்த ஆண்டே முடிந்துவிட்டது.

அதன்பின் வந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எங்கள் ஒழுங்கையில் தமிழர் வீடுகளின் வெளிச்சுவர்கள் மங்கிக் கிடந்தன. பணமின்மை மட்டும் காரணமன்று. பளிச்சென்ற சுவர் கண்ணில் படும். பொலிஸ் பதிவும் சோதனையும் நடந்த காலத்தில் எவரும் கண்ணில் பட விரும்பவில்லை. உள்ளறைகளுக்கு வர்ணம் பூசினார்கள். வெளியே பாசி படர விட்டார்கள். இன்னொன்றும் உண்டு. விசாவுக்குக் காத்திருப்பவன் வெளிச்சுவருக்குச் செலவு செய்வதில்லை. எந்த வீட்டுக்காரர் கனடாவுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்பதை மதிலைப் பார்த்தே அக்காலத்தில் நான் சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இப்போது அந்த வீடுகளில் பல இல்லை. அவ்விடங்களில் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. அங்கே சென்றால் செலவு குறையும் என்று எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி வெளிச்சுவர் பொதுச் சொத்து. எல்லோரும் சேர்ந்துதான் பூச வேண்டும். வெள்ளவத்தையில் நண்பரொருவரின் கட்டடத்தில் இருபத்துநான்கு வீடுகள். உரிமையாளர்களில் பதினைந்து பேர் வெளிநாட்டில். ஆளுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்க நான்கு கூட்டங்கள் நடந்து முடிந்தன. கடலைப் பார்த்த பக்கத்தில் இருப்பவர் கூடுதலாகக் கொடுக்கட்டும் என்று மறுபக்கத்தார் இன்னும் வாதிடுகிறார்கள்.

எங்கள் வீட்டு உறுதியிலும் நான்கு பெயர்கள் உண்டு: என் மனைவியும் அவருடைய மூன்று சகோதரர்களும். செலவை நான்காகப் பகிர்வோம் என்று எழுதினேன். இலண்டன் மைத்துனர் பதில் போட்டார்: "அத்தான், எப்படியும் ஒருநாள் விற்கப்போகிற வீடு. வாங்குகிறவன் இடிக்கத்தான் போகிறான். இடிக்கிற சுவருக்கு ஏன் வர்ணம்?" ஒழுங்கைக்குள் மாதம் ஒருமுறை வந்து போகும் தரகரும் ஏறக்குறைய இதையே சொல்கிறார், நிலத்தைத் தாருங்கள், மேலே இரண்டு வீடு தருகிறேன் என்கிறார்.

மைத்துனரின் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இந்த மழைக்கு முன் பூசாவிட்டால் உப்பு நிழற்பலகைகளைத் தாண்டி வளைக்கும் தூணுக்கும் போய்விடும். ஏற்கெனவே மூன்று பலகைகளில் கம்பி தெரிகிறது. நாலைந்து ஆண்டுகளில் பொறியியலாளர் ஒருவர் வந்து, இது வசிக்கத் தகுதியற்றது என்று எழுதிக் கொடுப்பார். அப்போது விற்பதா வேண்டாமா என்று நால்வரும் கூடிப் பேச இடமே இராது. பூசாமல் விடுவதும் ஒரு தீர்மானம். அதை இலண்டனிலிருந்து கடல் எடுக்கவிடுவதற்கு, இங்கே குடியிருக்கும் என் மனைவி சம்மதிக்கவில்லை. "விற்கிறதெண்டால் நாலுபேரும் வந்து இருந்து கதைச்சு விற்பம். அதுவரைக்கும் அப்பா கட்டின வீடு நிக்கவேணும்" என்றார். அப்படியே எழுதி அனுப்பினேன்.

ரொறன்ரோவிலிருந்து பங்குப் பணம் வந்துவிட்டது. சிட்னியிலிருந்து பாதி வந்திருக்கிறது. இலண்டன் இன்னும் பேசவில்லை. அவருடைய பங்கை நாங்கள் எங்கள் சேமிப்பிலிருந்து போடுகிறோம். பழைய எண்ணெய் வர்ணம் பூசிய யன்னல்களை நனைத்துத் தேய்க்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். வர்ணத்தில் ஈயத்துக்குச் சட்டப்படி வரம்பு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சின் தூளை எவரும் சுவாசிக்கக் கூடாது.

மார்ச் முதல் வாரத்தில் வேலை தொடங்கும். கடற்பக்கச் சுவர் முதலில்.